பாதிவிலையார் பெங்குவின் கொண்ட படலம்

விலையில்லாத ஒரு பொருளின் விலை எழுநூற்றைம்பது. இப்பேருண்மையைத் தம் நாவன்மையால் நிலைநாட்டிய பெருமகனை வாழ்த்தித் தொடங்குகிறோம்.

வாழ்க பொத்தான் வேந்தர். இருதுளையும் நாற்றுளையும் கொண்ட எண்ணிறந்த சிறுவட்டங்களால் மாந்தர்தம் மானங்காக்கும் மொத்த வணிகர். ஜிப்பென்னும் பல்லடர்ந்த பகைப்படை எதிர்க்கடையில் பாசறை அமைத்தும் நிலைகுலையாத நெஞ்சினர். எவர் எவ்விலை சொன்னாலும் அதிற்பாதியிலிருந்தே வாய்திறப்பதால் கடைத்தெரு கூடிப் ‘பாதிவிலையார்’ என்று பட்டஞ்சூட்டப்பெற்றவர். ஆடிய பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் இரண்டு பல்லாக எடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்டு, ஆடாத பல்லொன்றையும் ஈந்து, வீங்கிய கன்னத்தோடும் வாடாத வெற்றியோடும் வீடு மீண்ட தீரர். ‘இதுவரைக்கும் என்னை எவனும் ஏமாத்துனதில்ல’ என்பது அவருடைய மெய்க்கீர்த்தி. அதைக் கல்லில் வெட்டக் கூலி அதிகமென்பதால் நாள்தோறும் தம் வாயாலேயே வெட்டிக்கொள்வார்.

இவர் புகழ் பாடச் சொல்வளம் அருளுகவென்று சொல்லுக்குரிய தேவதையை வேண்டினோம். முழுவளம் கேட்டால் முகஞ்சுளிப்பாளென்று பாதி கேட்டோம். அவளோ நம் குலத்தை அறிந்தவளாதலால் அதிலும் பாதியே தந்தாள். கையிலுள்ள சரக்கைக்கொண்டு கடை விரிக்கிறோம். நிறுவையில் குறையிருந்தால் பொறுத்தருள்க.

சட்டைப்பொத்தான் அடுக்கெனும் மலைக்கும் கோட்டுப்பொத்தான் அடுக்கெனும் மலைக்கும் இடைப்பட்ட கணவாயில், கல்லாப்பெட்டிக்கு வலப்புறம், தூசி போர்த்து, விசிறி முனக, வெந்நீர்க்கெண்டி போலக் கொதித்துக்கொண்டிருந்தது வேந்தரின் கணினி. மூடப்பட்ட ஓர் அலுவலகத்தின் தட்டுமுட்டுகளோடு அதைப் பாதிவிலைக்கு வென்றபோது, அதை ஓட்டும் மென்பொருளையும், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டமென்று அறிந்தோர் கூறும் அந்த உயிர்மூச்சையும், தாய்தகப்பன் தெரியாத ஒரு குறுவட்டில் பதித்துக் கொசுறாகத் தரச்செய்திருந்தார். ‘இது அசல் பிரதியன்று’ என்னும் எழுத்துகள் திரையின் மூலையில் அன்றுமுதல் அழியாது நின்றன. அசலும் நகலும் ஒன்றுபோல் ஓடுகையில் அசலுக்கு எதற்குக் காசென்பது வேந்தரின் கருத்து. அவருடைய ஆமையோட்டுப் பொத்தான்களும் ஆமையைக் கண்டவையல்ல.

அரண்மனைக்குக் காவலும் இருந்தது. வைரஸ் தடுப்பிகள் மூன்று. மூன்றும் சாம்பிள் சரக்கு. மூன்றும் சாம்பிள் நாள் கழிந்து சம்பளம் கேட்டு நிற்பவை. ஒரே வாயிலில் நிறுத்தப்பட்ட அம்மூன்று காவலரும் ஒருவரையொருவர் கள்வரென்று கருதிக் கட்டிப்புரண்டு கொண்டிருக்க, மெய்யான கள்வர்கள் அவர்களைத் தாண்டி, காலணியையும் கழற்றாது உள்ளே போய்வந்தனர். கோட்டைக் கதவின் கடவுச்சொல்லோ கடையின் தொலைபேசி எண். பெயர்ப்பலகையில் முழநீளத்துக்கு எழுதப்பட்டிருந்த அவ்வெண்ணைத் தாம் மறந்துவிடக்கூடாதென்று, ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் நெற்றியிலும் ஒட்டியிருந்தார்.

இத்தகைய வேந்தர் மறைபொருள் காக்கத் தெரியாதவரென்று எண்ணற்க. கடையிலுள்ள பொத்தான் டப்பா ஒவ்வொன்றின் அடிப்புறத்தும் அதன் அடக்கவிலை எழுதப்பட்டிருக்கும். ஆனால் எண்ணால் அன்று. பத்தெழுத்துக்கொண்ட ஒரு மறைசொல்லின் முதலெழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு என்று வைத்து, எழுத்தால் எழுதப்பட்டது அது. அம்மறைசொல்லை அறிந்தவர் உலகில் இருவரே: வேந்தரும், கடையின் வரவுசெலவையும் வேந்தரின் வீறாப்பையும் ஒருங்கே ஆளும் அவர்தம் இல்லத்தரசியாரும். வங்கிக்கணக்கும் அவ்விருவர் பேரிலேயே இருந்தது.

இங்ஙனம் நாடு நலம்பெற்று விளங்கும் நாளில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், முழங்கியது தொலைபேசி.

பேசியவர் சீருடைத் தையலகத்தின் கொள்முதல் அதிகாரி. பள்ளிச் சட்டைகளுக்கு ஆண்டுதோறும் மூட்டைமூட்டையாய்ப் பொத்தான் வாங்கி, வேந்தரின் அரசுக்குப் பாதிச் சோறிடும் பேரன்னை. குரலில் அன்பு குறைந்திருந்தது.

“உங்க மெயில்ல பில்லுன்னு ஒண்ணு வந்துச்சுங்க. திறந்தோம், எங்க ஆபீஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர் படுத்துருச்சு. அதனால உங்க மெயிலத் தடுத்து வெச்சிருக்கோம். முதல்ல கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணுங்க. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள விலைப்பட்டியல் வரலேன்னா வருஷ ஆர்டர எதிர்க்கடைக்குக் கொடுத்துருவோம். தப்பா நினைச்சுக்காதீங்க.”

வேந்தர் பில் ஏதும் அனுப்பவில்லை. அவர் பெயரால், அவர் முத்திரையோடு, அவருடைய கணினிக்குள் குடியிருந்த கள்வர் அனுப்பிய ஓலை அது. எதிர்க்கடை வாயிலில் ஜிப் வணிகர் ஒரு ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவ்வோசை வேந்தரின் செவியில் வாளைச் சாணைபிடிக்கும் ஓசையாய் விழுந்தது.

அக்கணமே, அழைத்தாற்போல், திரை செங்குருதி நிறங்கொண்டு, பறைபோல் அலறி, ஓர் அறிவிப்பை ஏந்தி நின்றது: உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே இவ்வெண்ணை அழையுங்கள். ஆபத்திருப்பதை வேந்தர் முன்பே அறிந்தாராதலின், அறிவித்தவனையும் நண்பனென்றே நம்பினார். அழைத்தார். மறுமுனையில் தேன்குழைத்த குரலொன்று, உங்கள் சிஸ்டத்தில் நானூறு வைரஸ் இருக்கிறது, நீக்க ஐயாயிரம் ஆகும் என்றது.

ஐயாயிரம் என்ற சொல் செவிபுகுந்ததும், கணினிப்போரில் திசைதெரியாது தள்ளாடிய நம் வேந்தர், தாம் பிறந்து தவழ்ந்து வளர்ந்த போர்க்களத்துக்குத் தம்மையறியாமலே வந்துசேர்ந்தார். முதுகு நிமிர்ந்தது. புருவம் வில்லாயிற்று. மீசைமேல் கைபோயிற்று.

“நானூறையும் மொத்தமா எடுக்கிறேன். நீங்க சில்லறை விலை சொல்றீங்களே தம்பி.”

ஆகா, அப்போரை எங்ஙனம் உரைப்போம்! ஒரு வைரஸுக்கு அடக்கம் என்ன என்று முதலம்பு தொடுத்தார். சிறு வைரஸ், பெரு வைரஸ் இரண்டுக்கும் ஒரே விலை போடுவது எவ்வூர் நியாயமென்று வேலெறிந்தார். பக்கத்துத் தெருவில் இதைவிட மலிவு என்று, இல்லாத தெருவொன்றை எழுப்பி அதன்மேல் நின்று முழங்கினார். போனை வைக்கப்போவதாக இருமுறை பின்வாங்கி, யானை பின்வாங்குவது முட்டுவதற்கே என்பதுபோல் மீண்டு பாய்ந்தார். ஐயாயிரம் மூவாயிரமாகி, ஆயிரமாகி, ஐந்நூறாகி, இறுதியில் முந்நூறு என்னும் குழியில் விழுந்து எழமாட்டாது கிடந்தது. ஓராண்டு உத்தரவாதத்தையும் கொசுறாகக் கறந்துகொண்டு, வெற்றிக்களிப்பில் வங்கி அட்டையின் முகத்தெண்ணையும் முதுகெண்ணையும் ஒன்றுவிடாமல், புலவர் பாட்டோதுவதுபோல் இழுத்து நிறுத்தி ஓதிக்கொடுத்தார் வேந்தர்.

மறுநாள் காலை திரை மீண்டும் சிவந்தது. இம்முறை வைரஸ்கள் அறுநூறு என்றது. முதலாகிய நானூறு போக, இருநூறு ஒரே இரவில் ஏறிய வட்டி. அந்த எண்ணை மறுபடி அழைத்தால் எடுப்பாரில்லை.

நாற்காலியில் அமர்ந்த வேந்தர், பேரத்தை முதலிலிருந்து மனத்துள் ஓட்டிப்பார்த்தார். எங்கே பிசகிற்று என்பது பளிச்சென்று தெரிந்தது. அடக்கவிலை உள்ளவன் இறங்கும்போது முனகுவான். கட்டுப்படியாகாது என்பான், வீட்டில் பிள்ளைகுட்டி என்பான், நெற்றியைத் துடைப்பான். அந்தத் தேன்குரலோன் ஐயாயிரத்திலிருந்து முந்நூறுவரை இறங்கியும் ஒருதரம்கூட முனகவில்லை. அவனுக்கு அடக்கமே இல்லை. அவன் எதையுமே விற்கவில்லை. பதினைந்து பைசாப் பொத்தானில் பொய் முனகலையும் மெய் முனகலையும் பிரித்தறியும் செவி, அன்று தம் குரலின் இனிமையிலேயே மயங்கிச் செவிடாகிவிட்டதே என்று நொந்து, இச்செய்தியைத் தம்மோடே சிதையில் எரியவிடுவதென்று சூளுரைத்தார். மெய்க்கீர்த்தியில் கீறல் விழலாம். கீறல் விழுந்தது வெளியே தெரியலாகாது.

சனிக்கிழமையே புதுக்கணினி விற்கும் கண்ணாடிமாளிகை ஒன்றினுள் படைநடத்திச் சென்றார். ஆங்கே குளிர்காற்று வீச, பளபளக்கும் கணினிகள் பட்டத்து யானைகள்போல் வரிசையில் நிற்க, சுவரில் தொங்கியது ஒரு கொடும்பலகை: ஒரே விலை. வேந்தர் அதை இருமுறை படித்தார். பாதி கேட்டுப்பார்த்தார். விற்பனைப் பெண் புன்னகை மாறாமல் இங்கே பேரம் கிடையாது என்றாள், அவருடைய பழைய கணினியில் புதிய சிஸ்டம் ஏறாது, கணினியோடுதான் மாற்றவேண்டும் என்றாள், விலையையும் சொன்னாள். அது தையலக ஆர்டரின் இலாபத்தை முழுங்கி, ஏப்பமும் விடக்கூடிய விலை. ஆயுதம் பறிக்கப்பட்ட வீரராய், நிராயுதபாணிக்குரிய நடையோடு வெளியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வந்தார் மருமகன். மகளின் கணவர், ஒரு மருத்துவமனையின் கணினிகள் அனைத்தையும் காய்ச்சல் வராமல் காப்பது அவர் தொழில். கடையிலிருந்து வீட்டுக்குத் தூக்கிவரப்பட்டுச் சாப்பாட்டு மேசைமீது கிடத்தப்பட்டிருந்த கணினியை, நாடிபிடித்தும் வாய்திறந்தும் பார்த்தார். 

“மாமா, இதுக்குள்ள நம்மளத் தவிர எல்லாரும் குடியிருக்காங்க. அழிச்சிட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுரலாம். உங்களுக்கு வேண்டியது மெயில், பில்லு, விலைப்பட்டியல். மூணும் இதுல உண்டு. பழைய மிஷின்லயும் நல்லா ஓடும், வைரஸ் தொந்தரவும் ரொம்பக் குறைவு.”

“எவ்வளவு?”

“சும்மாதான் மாமா.”

சும்மா! இடியேறு விழுந்த மரம்போல் நின்றார் வேந்தர். அறிக, வணிகர் மறையில் கொசுறு வேறு, சும்மா வேறு. கொசுறு என்பது கேட்டு, முரண்டுபிடித்து, எதிரியின் கையிலிருந்து பறிப்பது, அது வாகை. சும்மா என்பது கேளாமல் வருவது, அது வலை. வேந்தர் குறுக்கு விசாரணை நடத்தினார். யார் செய்கிறார்கள் இதை? உலகெங்குமுள்ள பலர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றார் மருமகன். சம்பளம்? சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. பிறகு ஏன் எழுதுகிறார்கள்? பிடித்திருக்கிறது, எழுதுகிறார்கள். அதன் சின்னமாகத் திரையில் ஒரு பறவைப் படம் வேறு வந்தது. வெள்ளைச் சட்டைமேல் கறுப்புக் கோட்டணிந்து, ஒரு பொத்தான்கூட இல்லாமல் நின்றது அப்பெங்குவின்.

“அடக்க விலையே இல்லாத சரக்கு. வேணாம் மாப்பிள்ளை.”

சனிக்கிழமை கற்ற பாடத்தை ஞாயிற்றுக்கிழமையே பிழையாக ஒப்பித்தார் நம் வேந்தர். முனகாமல் விற்றவன் கள்வனாயிருந்ததால், விலையே சொல்லாதவன் கள்வர்தலைவனாகத்தானே இருக்கவேண்டும். மருமகன் மன்றாடினார். மருத்துவமனையிலும் இதைத்தான் வைத்திருக்கிறோம் என்றார். நாளை மாலைக்குள் மெயில் போகாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று, வேந்தரே சொன்னதை வேந்தருக்கே நினைவூட்டினார். வேந்தர் மலையென அசையாதிருந்தார். பசி வந்ததால் சற்று அசைந்து, மீண்டும் அசையாதிருந்தார்.

அப்போது இல்லத்தரசியார் மருமகனை அடுக்களைக்கு அழைத்தார். குழாயைத் திறந்துவிட்டு, அதன் ஓசைக்குள் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மூவாயிரம்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

“அத்தை, அது இலவசம்.”

“உங்களுக்கு இலவசம். அவருக்கு விலை இருந்தாத்தான் இறங்கும். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் கொஞ்சம் முனகுங்க, மறந்துராதீங்க.”

மருமகன் வெளிவந்து, தரையைப் பார்த்தபடி, சும்மா என்றது சிஸ்டத்தை மட்டும், போட்டுக்கொடுக்க மூவாயிரம் ஆகும் மாமா என்றார்.

வேந்தரின் முகம் ஞாயிறு கண்ட தாமரையாயிற்று. மூன்றுநாள் மேகம் கலைந்தது. மேசையின் இருபுறமும் இருபெரும்படைகள் அணிவகுத்தன. ஐந்நூறு என்றார் வேந்தர். பாதியும் அதிகமெனக் கருதி அன்று தம் மரபையே மீறினார். மருமகன் முனகினார். பல்வலி கண்டவரைப்போல, இடமறியாமல், குறைக்கத் தொடங்குமுன்னே ஒன்று, நடுவே இரண்டாக முனகினார். அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரம் எச்சரிக்கையாய் ஒலித்ததும், சரியான இடத்தில் பெருமூச்சொன்று விட்டார். கட்டுப்படியாகாது மாமா என்றார். அச்சொல் வேந்தரின் செவியில் அமுதமாய்ப் பாய்ந்தது. இரண்டாயிரம் சரிந்தது. ஆயிரம் ஆட்டங்கண்டது. எழுநூற்றைம்பதில் இருபடைகளும் கைகுலுக்கின.

“கொசுறு என்ன மாப்பிள்ளை?”

உள்ளதெல்லாவற்றுக்கும் ஒரு நகலெடுத்து, தனியே ஒரு பென் டிரைவில் வைத்துத் தருவதாகவும், கணினியே எரிந்துபோனாலும் கணக்கும் விலைப்பட்டியலும் பிழைக்குமென்றும் மருமகன் சொன்னார். கொசுறுகளுக்கெல்லாம் பெருங்கொசுறு இதுவென வேந்தர் உள்ளம் பூரித்து, எழுநூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தார். மருமகன் போய்ப் பென் டிரைவ் வாங்கிவந்து, கோப்புகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து அதில் ஏற்றினார். பின்பு பழையது அழிக்கப்பட்டது. மூன்று காவலரும், அவர்களைத் தாண்டி வந்த கள்வரும், செந்திரையும், அசலன்று என்ற எழுத்தும் ஒரே ஊழியில் மாண்டொழிய, அமைதிக்கடலின் கரையில் பெங்குவின் எழுந்தருளியது.

பிறகு வந்தது கடவுச்சொல். வேந்தர் பழைய வழக்கப்படி தொலைபேசி எண்ணில் விரல்வைத்தார். துண்டுத்தாளும் பசையும் அருகே ஆயத்தமாயிருந்தன. துணி மடித்துக்கொண்டிருந்த இல்லத்தரசியார் தலைநிமிராமலே சொன்னார்.

“ஏங்க, பத்து பைசாப் பொத்தானோட அடக்கத்த எவனுக்கும் புரியாத எழுத்துல டப்பாவுக்கு அடியில எழுதுறீங்க. கடையோட சாவிய மட்டும் ஊருக்கே தெரியுற மாதிரி நெத்தியில ஒட்டுறீங்க.”

வேந்தரின் விரல் அந்தரத்தில் நின்றது. இத்தனை ஆண்டுகளாக இரும்புப்பெட்டிக்குள் பத்துப்பைசாவைப் பூட்டி, இரும்புப்பெட்டியின் சாவியை வாசலில் மாட்டியிருந்த தம் திறத்தை அவர் ஒருமுறை முழுதாகக் கண்டார். பின்பு துண்டுத்தாளைக் கசக்கினார். கோட்டுப்பொத்தான் வரிசையொன்றின் அடக்கவிலைகளை, இடமிருந்து வலமாக, மறையெழுத்தில் கோத்துக்கோத்து அடித்தார். அடித்துக்கொண்டே போனார். நீளத்தைக் கண்ட மருமகன், இதை உடைக்க ஒருவனுக்கு ஆயுசு போதாது மாமா என்றார். மெயிலின் கடவுச்சொல்லும் அவ்வாறே, சட்டைப்பொத்தான் வரிசையைக்கொண்டு மாற்றப்பட்டது.

புறப்படுமுன் மருமகன் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்.

“ஒண்ணு மட்டும் மாமா. எந்த சிஸ்டம் போட்டாலும் சரி, போன்ல ஒருத்தன் இனிக்க இனிக்கப் பேசி, நாமளே கார்டு நம்பரச் சொல்லிட்டோம்னா அதுக்கு எந்தப் பெங்குவினும் பொறுப்பில்ல.”

“அப்படிக்கூட ஏமாறுவாங்களா?” என்றார் வேந்தர், மின்விசிறியின் சுழற்சியை ஆழ்ந்து ஆராய்ந்தபடி. இல்லத்தரசியார் ஒரு தலையணையுறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

திங்கட்கிழமை நண்பகலுக்குள், புதுக்கோட்டையின் புதுவாயில் வழியே, விலைப்பட்டியலென்னும் தூது புறப்பட்டது. கணினி சுத்தமாயிற்றென்று வேந்தர் சொல்லக்கேட்டுத் தையலகத்தார் தடையை நீக்கி, கடிதத்தை நான்குபுறமும் தட்டிப்பார்த்துத் திறந்தனர். எதுவும் படுக்கவில்லை. மாலையில் கொள்முதல் அதிகாரி அழைத்து, மெயில் சுத்தமாயிருக்கிறது, ஆர்டர் உங்களுக்கே, ஆனால் விலையைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். கட்டுப்படியாகாது அம்மா என்று, ஆண்டாண்டுக்கால அடக்கவிலை அத்தனையும் தொண்டையிலேற, கடைத்தெருவே கேட்க முனகினார் வேந்தர். எதிர்க்கடையில் ஜிப் மூடிக்கொண்டது.

அன்று அவர் நிகழ்த்திய வெற்றியுலாவைச் சொல்லவும் வேண்டுமோ. பெங்குவினை வென்றவர், மூவாயிரத்தை எழுநூற்றைம்பதாக்கியவர், பென் டிரைவைக் கொசுறாகக் கவர்ந்தவர் என்று, விசிறி முனகாத கணினியின் பக்கத்தே அமர்ந்து, வருவோர்க்கும் போவோர்க்கும், பொத்தான் வாங்காது விலைமட்டும் கேட்டோர்க்கும், தம் மெய்க்கீர்த்தியைப் புதிய வரிகளோடு ஓதினார். எவனும் என்னை ஏமாற்றியதில்லை என்ற வரியை மட்டும் சற்று விரைவாகக் கடந்தார். பணப்பையில் வங்கி அட்டை புதிதாய் மின்னுவதையும் கண்டார். பழையது தேய்ந்துவிட்டதால் வங்கியில் மாற்றிக் கொடுத்ததாக இல்லத்தரசியார் முன்பே சொல்லியிருக்க, வங்கியின் கடமையுணர்வை அரசர்க்குரிய தலையசைப்பால் பாராட்டினார்.

அவ்வேளையில் வீட்டில், வெள்ளிக்கிழமை முந்நூறு போனதாக வங்கிச்செய்தி தம் போனுக்கு வந்த நிமிடமே அட்டையை முடக்கச்செய்து, அதைப்பற்றி ஒரு சொல்லும் கேளாதிருந்தவரும், மருமகன் வாங்க மறுத்துத் திருப்பித் தந்த எழுநூற்றைம்பதைச் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருந்தவருமான மாதரசி, பென் டிரைவுக்கு ஆன காசை மருமகன் கையில் வற்புறுத்தித் திணித்தது போக, மிச்சத்தை அன்று காலையே வங்கியில் கட்டிவிட்டு வந்து, அடுக்களை மேடைமீது வெறுந்தலைப்பை உதறி, பெருமூச்சின்றி, முனகலின்றி, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

“பென் டிரைவ் நானூத்தம்பது, அவரு தொலைச்சது முந்நூறு, கணக்கு சரியாப்போச்சு.”